நம் காட்டுக் கரடியை நம் பிள்ளைகள் அறிவார்களா?



‘மலேசியாவுக்கு வருகை தாருங்கள் 2026’ சுற்றுலா இயக்கத்திற்குரிய சின்னங்கள் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிமுகம் கண்டன. வீரா, மஞ்ஜா என்னும் இரண்டு சூரியக்கரடிகள். புலியையும் ஓராங் ஊத்தானையும் ஒவ்வொரு முறையும் முன்னிறுத்தும் நாட்டில், எவர் கண்ணிலும் படாத ஒரு விலங்குக்கு இந்தச் சிறப்புக் கிடைத்ததே என்று மகிழ்ந்து, அந்தப் படத்தை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் காட்டினேன். “இது என்ன விலங்கு?” என்றேன். “பாண்டா” என்றது பாதி வகுப்பு. “குரங்கு மாதிரி இருக்கு சார்” என்றான் ஒருவன். சூரியக்கரடி என்று ஒரு குரலும் எழவில்லை.

பிள்ளைகளை நான் குறை கூற மாட்டேன். அவர்கள் அறிந்த கரடி பொம்மைக் கடையில் இருக்கிறது. பனிப்பாறை மேல் நிற்கும் வெள்ளைக் கரடியாகத் தொலைக்காட்சியில் இருக்கிறது. ஆற்றில் மீன் பிடிக்கும் பழுப்புக் கரடியாக ஆங்கிலப் படக்கதைகளில் இருக்கிறது. உலகில் எட்டு வகைக் கரடிகள் உள்ளன. அவற்றுள் மலேசியக் காடுகளில் வாழ்வது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றைத் தவிர மற்றவற்றையெல்லாம் நம் பிள்ளைகளுக்கு ஓரளவேனும் அறிமுகம் செய்து வைத்திருக்கிறோம்!

இது ஏதோ பொது அறிவுப் போட்டிக்கான செய்தி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சன்னலில் கரடிக்குட்டி ஒன்று தலையை நீட்டிக் கத்திய காட்சி நாடெங்கும் பரவியது. வனவிலங்குத் துறையினர் சென்று அதனை மீட்டனர். சாலையோரம் கிடந்ததாகவும், நாய்க்குட்டி என்று எண்ணி எடுத்து வந்ததாகவும் அதனை வைத்திருந்தவர் கூறியதாகச் செய்திகள் வந்தன. அந்த விளக்கம் நம்பத்தக்கதா இல்லையா என்று ஆராய்வது என் வேலையன்று. ஆனால், அப்படியொரு விளக்கத்தைச் சொல்லிப் பார்க்கலாம் என்ற நிலை நம் நாட்டில் இருக்கிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. புலிக்குட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு பூனை என்று நினைத்தேன் என்று எவரும் சொல்லத் துணிய மாட்டார்.

நம் நாட்டில் மட்டுமா இந்தக் கதை? 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சௌ விலங்குக் காட்சிச்சாலையில் ஒரு சூரியக்கரடி பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றது. மெலிந்த கால்களும் பின்புறம் மடிந்து தொங்கிய தோலும் பார்ப்பவர்களுக்கு ஐயத்தைக் கிளப்பிவிட்டன. ‘கரடி வேடம் போட்ட மனிதர்’ என்று இணையத்தில் பலர் எழுத, நான் உண்மையான கரடிதான் என்று அந்தக் கரடியே பேசுவதுபோல் அந்தக் காட்சிச்சாலை அறிக்கை விட வேண்டியதாயிற்று. உண்மைக் கரடியைக் காட்டியும் ‘கரடி விடுகிறார்கள்’ என்று பெயர் வாங்கிய கொடுமை அது.

சூரியக்கரடியை அடையாளம் காண்பது கடினமன்று. கரடி இனங்களிலேயே மிகச் சிறியது இதுதான். வளர்ந்த கரடியின் எடை 25 முதல் 65 கிலோகிராம் வரை. உடல் நீளம் 1 மீட்டரிலிருந்து 1.4 மீட்டர் வரை. போர்னியோவில் வாழ்பவை தீபகற்பத்தில் வாழ்பவற்றைக் காட்டிலும் சிறியவை. மயிர் கறுப்பு, குட்டையானது, பளபளப்பானது, வெப்பக் காட்டில் அடர்ந்த சடை எதற்கு? காதுகள் சிறியவை, உருண்டையானவை. மூஞ்சி குட்டையாகவும் வெளிறிய நிறத்திலும் இருக்கும். முன்பாதங்கள் உள்நோக்கித் திரும்பியிருப்பதால் நடை சற்றுக் கோணலாகத் தோன்றும். பாதத்தின் அடியில் மயிர் இல்லை. மரத்தைப் பற்றிக்கொள்ள அது வசதி. நகங்கள் கொக்கிபோல் வளைந்தவை, 10 சென்டிமீட்டர் வரை நீளக்கூடியவை. நாக்கோ 20 முதல் 25 சென்டிமீட்டர்! தேன்கூட்டின் ஆழத்திலிருந்து தேனை வழித்தெடுக்க அமைந்த நாக்கு. மலாய்க்காரர்கள் இதனைத் தேன்கரடி என்ற பொருளில் ‘பெருவாங் மாடு’ என்றும் அழைப்பது பொருத்தமானதே.

சூரியக்கரடி என்ற பெயருக்குக் காரணம் நெஞ்சில் உள்ள அடையாளம். வெண்மஞ்சளோ ஆரஞ்சு நிறமோ கொண்ட பிறை அது. சிலவற்றில் முழு வட்டமாக இருக்கும்; சிலவற்றில் நடுவே அறுந்திருக்கும்; சிலவற்றில் கரும்புள்ளிகள் தெளித்திருக்கும். நம் கைரேகையைப் போல ஒன்றினது மற்றொன்றுக்கு வாய்ப்பதில்லை. ஆய்வாளர்கள் படங்களில் ஒரு கரடியை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது இந்த அடையாளத்தைக் கொண்டுதான்.

தமிழாசிரியன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சங்க இலக்கியத்தில் கரடிக்கு ‘எண்கு’ என்றும் ‘உளியம்’ என்றும் பெயர்கள் உண்டு. புற்றைக் கிண்டிக் கறையானின் குரும்பியைத் தின்னும் எண்கையும், இருப்பைப் பூவுக்காக மரத்தடிக்கு வரும் எண்கின் கூட்டத்தையும் அகநானூற்றுப் புலவர்கள் நேரில் கண்டவர்கள்போல் பாடியிருக்கிறார்கள். அந்தக் கரடி தமிழகத்திலும் இலங்கையிலும் இன்றும் வாழும் தேன்கரடி. உடல் முழுதும் நீண்ட சடை, காதிலும் சடை, நெஞ்சில் வெள்ளைக் கோடு. அதற்கும் தேன்கரடி என்ற பெயர் தமிழில் வழங்குவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஆகையால்தான் நம் கரடிக்குச் ‘சூரியக்கரடி’ என்ற பெயரையே வகுப்பில் பயன்படுத்த வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். இலக்கியப் பாடத்தில் எண்கு வரும்போது சடைக்கரடியின் படத்தைக் காட்டுவோம். அதன் பக்கத்திலேயே நம் கரடியின் படத்தையும் ஒட்டுவோம். இரண்டும் கறையான் தின்னும். இரண்டும் தேனுக்கு அலையும். ஆனால் ஒன்று நம் முன்னோர் கண்ட விலங்கு, மற்றொன்று நாம் வாழும் மண்ணின் விலங்கு.

காட்டில் சூரியக்கரடியோடு மாற்றி எண்ணப்படக்கூடியது பிந்துரோங். அதுவும் கறுப்பு, அதுவும் மரத்தில் திரியும். இரவில் கைவிளக்கொளியில் கிளைமேல் ஒரு கரிய உருவத்தைக் கண்டால் வாலைத் தேட வேண்டும். பிந்துரோங்கின் வால் நீண்டு பருத்து, கிளையைச் சுற்றிப் பிடிக்கும். காது நுனியில் மயிர்க்குஞ்சம் இருக்கும். கரடிக்கு வால் இருப்பதே தெரியாது.

உண்மையில், காட்டுக்குப் போகிறவர்களுள் பெரும்பாலோர் கரடியைக் காண்பதில்லை. கரடி வந்துபோன தடத்தைத்தான் காண்கிறார்கள். அதைப் படிக்கத் தெரிந்தால் அதுவே பெரிய காட்சி. வழுவழுப்பான பட்டையுள்ள மரத்தில் இணைகோடுகளாக நகக்கீறல்கள் ஏறிச் செல்லும். அவை ஆண்டுக்கணக்கில் அழியாமல் இருக்கும். விழுந்து மக்கிய மரத்தைப் பிளந்து கறையானும் வண்டுப் புழுவும் தேடிய அடையாளம் இருக்கும். உயிருள்ள மரத்திலேயே துளையிட்டுக் கொசுத்தேனீயின் கூட்டைத் தோண்டியிருக்கும். மலாய்மொழியில் கெலுலுட் என்கிறோமே, அந்தக் கொடுக்கில்லாத தேனீதான். கரடி தோண்டிவிட்டுப் போன பொந்துகள் பிற உயிர்களுக்குக் குடியிருப்பாகின்றன. தின்ற பழங்களின் விதைகளையும் அது காடெங்கும் பரப்புகிறது. சில வேளைகளில் மரக்கிளைகளை மடக்கிக் கூடுபோல் அமைத்து அதில் ஓய்வெடுக்கும்; சபா காடுகளில் அதனை ஓராங் ஊத்தானின் கூடு என்று எண்ணிக் கடந்துவிடுவோர் உண்டு.

இனி, நம் வகுப்பறைக் கதை ஒன்றுக்கு வருகிறேன். இரு நண்பர்கள் காட்டு வழியே சென்றார்கள்; கரடி வந்தது; ஒருவன் மரத்தில் ஏறிக்கொண்டான்; மற்றவன் செத்தவன்போல் படுத்தான்; கரடி முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. ஈசாப்பின் கதை. நட்பைப் பற்றிப் பேச இதைவிட எளிய கதை கிடையாது; நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கதை முடிந்த பிறகு இரண்டு நிமிடம் ஒதுக்கி உண்மையைச் சொல்லாமல் விடுவதில்லை. நம் நாட்டுக் கரடியிடம் மரமேறித் தப்பிக்க முடியாது. கரடிகளிலேயே மரமேறுவதில் தேர்ந்தது அதுதான்; உங்களுக்கு முன்பே உச்சிக்குப் போய்விடும். செத்துக்கிடப்பதையும் விளையாட்டாக முயன்று பார்க்கக்கூடாது. சூரியக்கரடி சிறியது என்பதால் சாதுவானது என்று பொருளன்று. உடலளவுக்கு மிஞ்சிய கோரைப்பற்களும், மரத்தைப் பிளக்கும் தாடையும் அதற்குண்டு. கழுத்துத் தோல் தளர்ந்திருப்பதால், பின்னாலிருந்து பிடித்தாலும் உள்ளேயே திரும்பிக் கடித்துவிடும்.

அப்படியானால் என்ன செய்வது? பொதுவாக அது மனிதனைத் தேடி வருவதில்லை. மோப்பம் பிடித்துத் தானே விலகிவிடும். ஆபத்து வருவது பெரும்பாலும் திடுக்கிட வைக்கும்போதுதான். கறையானைத் தோண்டும் மும்முரத்தில் இருக்கும் கரடியின் முன் ஓசையின்றிப் போய் நின்றால் அது தாக்கக்கூடும். எனவே காட்டில் குழுவாக நடக்க வேண்டும். வழிகாட்டியோடு நடக்க வேண்டும். அடர்ந்த வளைவுகளில் இயல்பாகப் பேசிக்கொண்டு நடக்க வேண்டும். கண்டுவிட்டால் அங்கேயே நிற்பது முதல் வேலை. ஓடக்கூடாது. கரடிக்கு விலகிச் செல்ல வழிவிட்டு, அதனைப் பார்த்தவாறே மெல்லப் பின்வாங்க வேண்டும். குட்டி தெரிந்தால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவில் போய்விடக்கூடாது. படமெடுக்க மின்னொளியைப் பாய்ச்சுவதும், உணவை வீசி அழைப்பதும் அறவே கூடாது. மனிதரிடம் தின்பண்டம் கிடைக்கும் என்று ஒரு கரடி கற்றுக்கொண்டால், அதன் பிறகு வருகிறவருக்கும் ஆபத்து, கரடிக்கும் ஆபத்து.

சரி, பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு எங்கே போவது? என் விடை, சபா மாநிலம் சண்டாக்கானை அடுத்த செப்பிலோக். ஓராங் ஊத்தான் மறுவாழ்வு நடுவத்திற்குப் பக்கத்திலேயே போர்னியோ சூரியக்கரடிப் பாதுகாப்பு நடுவம் இருக்கிறது. பினாங்கைச் சேர்ந்த திரு. வோங் சியூ தே 2008ஆம் ஆண்டில் தொடங்கியது. பொதுமக்களுக்கு 2014இல் திறக்கப்பட்டது. கூண்டிலும் வீட்டிலும் அடைபட்டிருந்து மீட்கப்பட்ட கரடிகள் அங்கே, மின்வேலியிட்ட இயற்கைக் காட்டுக்குள் வாழ்கின்றன. மீண்டும் காட்டு வாழ்வைக் கற்றுக்கொள்கின்றன. பார்வையாளர்கள் உயர்ந்த மேடையில் நின்று கீழே பார்க்க வேண்டும். தொடுவதற்கில்லை, ஊட்டுவதற்கில்லை.

ஆசிரிய நண்பர்கள் சிலரோடு நான் அங்கே சென்றிருந்தபோது முதல் இருபது நிமிடங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இலைகள், நிழல், வியர்வை. எங்களுள் ஒருவர் கிளம்பலாமா என்று கேட்கவும் செய்தார். பிறகு, நாங்கள் பலமுறை பார்த்துக் கடந்த ஒரு கிளையே அசைந்தது. அது கிளையன்று, படுத்திருந்த கரடியின் முதுகு. எழுந்து, கொட்டாவி விட்டு, அந்த நீண்ட நாக்கை ஒருமுறை முழுதாக நீட்டிக் காட்டிவிட்டு, தலைகீழாகவன்றி மனிதனைப் போலப் பின்பக்கமாக மரத்திலிருந்து இறங்கி, ஒரு மரக்கட்டையைப் பிளக்கத் தொடங்கியது. அரை மணி நேரம் எவரும் பேசவில்லை. தொலைநோக்கியில் ஒவ்வொரு நகமும் தெரிந்தது.

இங்கே வாழும் கரடிகளைக் கவனித்துத்தான் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு நடந்தது. பிரிட்டனின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தார் 22 கரடிகளின் விளையாட்டைப் பதிவு செய்து பார்த்தனர். ஒன்று வாயைத் திறந்து காட்டும் முகபாவத்தை எதிரில் உள்ளது அப்படியே திருப்பிக் காட்டுகிறது என்று கண்டனர். தனித்து வாழும் விலங்கு என்று கருதப்படும் கரடிக்கு இவ்வளவு நுட்பமான முகமொழி இருக்குமென்று எதிர்பார்க்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளின் முகத்தைப் படித்தே நாளைக் கழிக்கும் நமக்கு இது சுவையான செய்தி அல்லவா?

திரு. வோங் இந்தக் கரடிகளைப் படிக்கத் தொடங்கியது டானும் பள்ளத்தாக்கை அடுத்த காடுகளில். 1999 ஆகஸ்டு முதல் 2000 செப்டம்பர் வரை அங்கே மரங்கள் பழுக்காமல் பஞ்சம் நிலவியது. அவர் கழுத்துப்பட்டை பொருத்திய ஆறு கரடிகளும் எலும்புந்தோலுமாக இருந்தன. அவற்றுள் இரண்டு பின்னர் இறந்து கிடந்தன. அடர்ந்த மழைக்காட்டில் பசியால் சாகும் விலங்கு! பழமில்லாத காலத்தில் வேறிடம் தேடிப் போக விரிந்த காடு வேண்டும். வேறிடம் என்பது செம்பனைத் தோட்டமாக இருந்தால் கரடி அங்கேதான் வரும்.

தோட்டப்புறத்துப் பள்ளிகளில் பணியாற்றும் நண்பர்களும் அங்கே வாழும் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும். காட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டங்களில் உதிர்ந்த பழத்திற்காகச் சூரியக்கரடி இரவில் நுழைவதுண்டு. பன்றிக்கு வைத்த சுருக்குக் கண்ணியில் மாட்டிப் பாதத்தை இழப்பதும் உண்டு. இவற்றைக் கண்டால் வனவிலங்குத் துறைக்குத் தெரிவிப்பதே முறை; கூட்டம் சேர்த்துக் கம்பெடுத்து விரட்டுவது மனிதருக்கே ஆபத்தாக முடியும். குட்டி ஒன்று தனியே கிடந்தால் வீட்டுக்குத் தூக்கி வருவது சட்டப்படி குற்றம். தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும், சபாவில் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் சூரியக்கரடி முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு.

இப்பொழுது நான் சொல்லவந்த கசப்பான பகுதி. கல்விச் சுற்றுலா என்று பேச்செடுத்தால் பெற்றோர் சிலர் முதலில் கேட்பது, “தொட்டுப் பார்க்கலாமா, பக்கத்தில் நின்று படம் எடுக்கலாமா?” என்பதுதான். வெளிநாட்டுப் பயணமொன்றில் தனியார் பூங்காவில் கரடிக்குட்டியை மடியில் வைத்து எடுத்த படத்தை ஒரு பெற்றோர் பெருமையோடு எனக்குக் காட்டினார். குட்டி அழகாகத்தான் இருந்தது. அது எப்படி மடிக்கு வந்தது என்று கேட்டேன், விடையில்லை. சூரியக்கரடி ஒரு முறைக்கு ஒரு குட்டி, அரிதாக இரண்டு ஈனும். அந்தக் குட்டியை இரண்டாண்டு வரை தாய் தன்னோடு வைத்திருக்கும். காட்டிலிருந்து குட்டி வெளியே வருகிறதென்றால் பெரும்பாலும் தாய் கொல்லப்பட்டிருக்கிறது என்று பொருள். தாயின் பித்தப்பையும் பாதமும் ஒரு சந்தைக்கு. குட்டி இன்னொரு சந்தைக்கு. அந்த மடிப்படத்துக்கு நாம் கட்டும் கட்டணம் இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் போய்ச் சேருகிறது என்று கேட்கப் பழகாத பிள்ளை, அறிவியலில் சிறப்புத் தேர்ச்சி பெற்று என்ன பயன்?

தொடாமல் பார்ப்பது குறைந்த அனுபவம் என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். காத்திருப்பது, வாய்மூடி நிற்பது, கண்டதைக் கண்டபடி எழுதுவது ஆகிய மூன்றும் நம் வகுப்பறையில் கற்பிக்கப் படாத பாடு படுகிறவை. மேடையில் நின்று ஒரு மணி நேரம் கரடியைப் பார்த்த மாணவனிடம் ‘நான் கண்ட விலங்கு’ என்று கட்டுரை கேட்டுப் பாருங்கள். கருத்து விளக்கக் கட்டுரைப் புத்தகத்திலிருந்து மனனம் செய்த வரிகள் வரமாட்டா.

செலவு அதிகம் என்பது நியாயமான மறுப்பு. நம் தமிழ்ப்பள்ளிகள் தீபகற்பத்தில் இருக்கின்றன. சண்டாக்கானுக்கு விமானம் ஏற வேண்டும். எல்லாப் பள்ளிகளாலும் இயலாது. ஆனால் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் சிங்கப்பூருக்கும் மேடானுக்கும் சுற்றுலா ஏற்பாடு செய்வதை நாம் அறிவோம். அந்தப் பட்டியலில் செப்பிலோக்கையும் வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாமே. அதுவும் இயலாவிட்டால் தேசிய விலங்குக் காட்சிச்சாலையிலும் தைப்பிங்கிலும் சூரியக்கரடிகள் உள்ளன. வரிசையாக எல்லாக் கூண்டுகளையும் ஓடிப் பார்ப்பதற்குப் பதிலாக, கரடியின் முன் மட்டும் ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள். வசதியுள்ள குடும்பங்கள் தாமான் நெகாராவுக்கோ, டானும், தாபின், கினாபாத்தாங்கான் பக்கமோ போகலாம். அங்கே உண்மையான காட்டுக்கரடியைக் காணும் பேறு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நகக்கீறல் கிடைத்தாலே போதும் என்று சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

செல்பவர்களுக்கு ஒரு சில குறிப்புகள். வெயில் ஏறுவதற்கு முன், காலையில் செல்வது நலம். தொலைநோக்கி இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்றாவது இருக்கட்டும். மழையாடை கட்டாயம், காட்டுப்பாதை என்றால் அட்டைக் காலுறையும் வேண்டும். நறுமணத் தைலம் பூச வேண்டாம். தின்பண்டம் பேருந்திலேயே இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் கரடியின் வெற்று உருவை வரைந்து கொடுத்துவிடுங்கள். தாம் கண்ட கரடியின் நெஞ்சுப் பிறையை மட்டும் பிள்ளைகள் அதில் வரைந்து வர வேண்டும்: வட்டமா, அறுந்ததா, புள்ளியுண்டா, எத்தனை புள்ளி என்று. பள்ளிக்குத் திரும்பியதும் தாள்களைச் சுவரில் ஒட்டி, யார் யார் ஒரே கரடியைப் பார்த்திருக்கிறார்கள் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.